துண்டுக்குள் பேசிய விலை

பூண்டுத் தோல் பறந்ததுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. கவுஞ்சியில், படித்தோட்டங்களுக்கு நடுவே நின்ற ஒரு தகரக் கொட்டகைக்குள், தோட்டக்காரர் சாக்குகளை ஒவ்வொன்றாக உருவி எறிந்தார். காய்ந்த தோல் எழும்பிக் கொட்டகை முழுக்கச் சுற்றியது. நான் தும்மித் தீர்த்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது, சாக்குகளுக்கு இடையிலிருந்து இரண்டு உருண்டை விளக்குகள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. மெல்ல மெல்ல மற்றதும் வெளியே வந்தது. தரையோடு தரையாக உட்கார்ந்த பச்சை உடம்பு, கம்பி போட்ட சக்கரங்கள், மடக்கி வைத்த துணிக் கூரை, இரண்டே இரண்டு இருக்கைகள். அவற்றில் ஒன்றில் விதைப் பூண்டு மூட்டை ஒன்று, சவாரிக்குக் காத்திருக்கும் பெரிய மனிதரைப் போலச் சாய்ந்திருந்தது. "எலி கடிச்சுறக் கூடாதேன்னு தெனமும் வந்து பாத்துக்கிருவேன் சார்" என்றார் தோட்டக்காரர். எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. எனக்கு அப்போது இருபத்தாறு வயது.

அந்தக் காரை எனக்கு ஏற்கெனவே தெரியும். கோடைக்கானலில் எல்லாருக்கும் தெரியும். ஏரிக்கு மேலே ஒரு பங்களாவில் தனியாக வாழ்ந்த வெள்ளைக்காரத் துரை ஒருவர் அதை வைத்திருந்தார். இங்கிலாந்தில் செய்து கப்பலில் வந்த வண்டி. ஊர் அதற்கு வைத்த பெயர் தவளை. மாலையில் துரை கூரையை மடக்கிவிட்டு ஏரியை இரண்டு சுற்றுச் சுற்றுவார். நான் ஒரு மிஷன் பள்ளியில் அறிவியல் வாத்தியாராக அப்போதுதான் சேர்ந்திருந்தேன். என் வயதுப் பையன்கள் படகுத் துறையில் நின்று டூரிஸ்ட் பெண்களைப் பார்ப்பார்கள். நான் தவளையைப் பார்ப்பேன். வளைவில் கியர் மாறும்போது அது போடும் உறுமலைக் கேட்டுவிட்டால் அன்று எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். துரைக்கு வயதாகி ஊருக்குத் திரும்பியபோது, பதினெட்டு வருடம் தன்னிடம் தோட்டவேலை பார்த்தவருக்குக் கொடுக்க அவரிடம் வேறொன்றும் இருக்கவில்லை. காரை அவர் பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். தோட்டக்காரருக்கு ஓட்டத் தெரியாது. காய்கறி லாரியில் ஏற்றித் தன் ஊரான கவுஞ்சிக்குக் கொண்டுபோய், பூண்டு காயப்போடும் கொட்டகையில் விட்டுவிட்டார்.

இரண்டு வருடம் அங்கேயே கிடந்த வண்டியை அவர் விற்க நினைத்தது மகளுக்காக. அந்தப் பெண் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்திருந்தாள். கவுஞ்சியில் அந்த நாளில் அது சாதாரண விஷயம் இல்லை. கீழே சமவெளியில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்புக்குச் சேர வேண்டும் என்று அவளுக்கு ஆசை. விண்ணப்பப் படிவத்தை வாங்கிக்கொண்டுபோய், அவர்கள் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து, அவள் சொல்லச் சொல்ல நிரப்பிக் கொடுத்தவன் நான். படிப்பு, விடுதி, உடுப்பு எல்லாம் சேர்த்து மூன்று வருடத்துக்கு ஐயாயிரம் ரூபாயாவது கையில் இருக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்திருந்தது. கார் விற்றால்தான் அது நடக்கும்.

பள்ளியில் என்னோடு வேலை பார்த்தவர்கள், "ரெண்டாயிரத்த நீட்டு, கும்பிட்டு வாங்கிக்கிருவான்" என்றார்கள். நடந்திருக்கும். அந்த மனிதருக்குக் காரின் விலை தெரியாது. ஆனால் எனக்கு அப்படி வாங்கப் பிடிக்கவில்லை. மதுரைக்குப் போய், பழைய வெளிநாட்டுக் கார்களைப் பார்க்கிற ஒரு ஒர்க்ஷாப்பில் விசாரித்தேன். இதே மாதிரி வண்டியை விற்ற ஒரு ஓட்டல் முதலாளியிடமும் கேட்டேன். ஆறாயிரத்து ஐநூறு கொடுத்தால் வாங்குகிறவனுக்கும் வஞ்சகம் இல்லை, விற்கிறவனுக்கும் வஞ்சகம் இல்லை என்று தெரிந்தது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து சேர்த்ததும், அம்மாவின் இரண்டு வளையல்களை அடகு வைத்ததும் சேர்ந்து அந்தத் தொகை சரியாக வந்தது. நான் நியாயமானவன் என்பதில் எனக்கு அப்போது கொஞ்சம் கர்வமும் உண்டு. அதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது.

நான் நேராக விலையைச் சொல்லியிருந்தால் அன்றோடு கதை முடிந்திருக்கும். தோட்டக்காரர் என்னைச் சொல்லவிடவில்லை. கையை ஆட்டித் தடுத்துவிட்டார். "நமக்குள்ள வாயால பேச வேண்டாம் சார். நாளைக்கு மனசு சங்கடம் வரும். நடுவுல ஒரு ஆள வச்சு, மொறையாப் பேசுவோம்." மலையில் அவர்களுக்கு மாடு வாங்கினாலும் மட்டக்குதிரை வாங்கினாலும் அதுதான் முறை. தரகர் ஒருவர் நடுவில் நிற்பார். தோளில் கிடக்கும் துண்டை எடுத்து விற்கிறவர் கைமேல் போட்டு, அதற்குள் விரலைப் பிடித்து விலை பேசுவார். பிறகு வாங்குகிறவர் கைமேல் போட்டு அதேபோலப் பேசுவார். ஆயிரமா நூறா என்பதை மட்டும் முதலில் வாய்விட்டுச் சொல்லிக்கொள்வார்கள். எத்தனை என்பது விரலில்தான். சுற்றி நிற்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. "தரகருக்கு எங்க போறது? பழனிச் சந்தையில ஒங்க மாமாதான் இருக்காரே. அவரு கைய நம்பி நாலு சோடி வாங்கியிருக்கேன். ஒண்ணுகூடச் சோட போகல" என்றார் தோட்டக்காரர். எனக்குச் சிரிப்பும் சந்தோஷமும் சேர்ந்து வந்தன. என் தாய்மாமாவே நடுவில் நிற்பதைவிட வேறென்ன வேண்டும்.

மாமா அம்மாவுக்கு மூத்தவர். என் காது குத்தியது அவர் மடியில். நான் கல்லூரியில் கடைசி வருடம் படிக்கும்போது அப்பா போய்விட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் மாமா தன் சொந்த மாடு ஒரு சோடியை ஓட்டிக்கொண்டு போனார். வெறுங்கையோடு திரும்பி வந்து, என் பரீட்சைப் பணத்தை அம்மா கையில் கொடுத்தார். அதைப் பற்றி ஒரு நாளும் அவர் பேசியதில்லை. கட்டையான ஆள், வெற்றிலை போட்ட வாய், சந்தையில் நூறு பேருக்கு நடுவிலும் தனியாகக் கேட்கும் சிரிப்பு. ஒரு மாட்டைத் தூரத்தில் பார்த்தே அதன் வயதையும் குணத்தையும் சொல்வார். என்னை மாப்ள என்றுதான் கூப்பிடுவார். ஊரில் நான் யாரை நம்புவேன் என்று கேட்டால், அம்மாவுக்கு முன்னால் அவர் பெயரைச் சொல்லியிருப்பேன்.

மாமாவைக் கூட்டிக்கொண்டு கவுஞ்சிக்குப் போவதற்கு முந்தின நாள் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மதுரையில் விசாரித்தது, ஓட்டல்காரர் சொன்னது, அந்தப் பெண்ணின் படிப்பு, படிவம் நிரப்பியது, எல்லாம். "ஆறரைக்குக் குறையக் கூடாது மாமா. அவர் கொறச்சுக் கேட்டாலும் நீங்க ஆறரைன்னே முடிச்சுக் குடுங்க" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி உற்றுப் பார்த்துவிட்டு, "வெல கூட்டிக் கேக்குற மொத ஆளு நீதாம்ல" என்று முதுகில் தட்டினார். பணத்தை மஞ்சள் பையில் போட்டு அப்போதே அவரிடம் கொடுத்தேன். வாங்குகிறவன் நேரடியாக விற்கிறவன் கையில் பணம் கொடுப்பதில்லை. அதுவும் முறைதான்.

மறுநாள் காலை கொட்டகைக்கு முன்னால் ஊரே கூடிவிட்டது. மூடுபனி இன்னும் விலகவில்லை. மாமா காரை வெளியே தள்ளச் சொல்லி, மாட்டைப் பார்ப்பது போலவே சுற்றி வந்தார். முன்பக்க மூடியைத் தூக்கச் சொல்லி, "வாயைப் பாத்தாச்சு" என்றார். டயரைக் காலால் உதைத்து, "நாலு குளம்பும் தேஞ்சு போச்சு" என்றார். பின்னால் போய்க் குனிந்து, "சுழி எங்கல இருக்கு இதுக்கு?" என்று கேட்டதும் பெண்கள் முதற்கொண்டு சிரித்தார்கள். நானும்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுத் துண்டை உதறினார். "ஆயிரக் கணக்கு" என்று உரக்கச் சொன்னார். தோட்டக்காரர் கைமேல் துண்டைப் போட்டார்.

நெடுநேரம் பேசினார்கள். வாய் பேசவில்லை, துண்டு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. தோட்டக்காரர் இரண்டு முறை தலையை ஆட்டி மறுத்தார். மாமா அவர் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். அதற்குப் பிறகு தோட்டக்காரர் நிமிர்ந்து என்னை ஒருமுறை பார்த்தார். அப்போது அந்தப் பார்வையை நன்றி என்று எடுத்துக்கொண்டேன். அவர் கடைசியில் தலையசைத்ததும் மாமா என்னிடம் வந்தார். துண்டுக்குள் அவருடைய காய்ப்பேறிய கை என் ஐந்து விரலையும் சேர்த்து ஒருமுறை பிடித்தது. பிறகு ஆள்காட்டி விரலை மட்டும் பிடித்தது. பிறகு இன்னொரு விரலைப் பாதியில் மடக்கியது. ஆறரை. நான் தலையசைத்தேன். "முடிஞ்சுபோச்சு!" என்று மாமா துண்டை உதறித் தோளில் போட்டார்.

ரசீதை நான்தான் எழுதினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று பள்ளியில் பெயர். தொகையை எழுதப்போனபோது மாமா தடுத்தார். "துண்டுக்குள்ள பேசுன வெல துண்டுக்குள்ளயே இருக்கணும்ல. நீயும் அவர்கிட்டக் கேக்கக் கூடாது, அவரும் ஒன்கிட்டச் சொல்லக் கூடாது. வாயத் தொறந்தா வண்டி ஒங்கிட்டத் தங்காது." தோட்டக்காரரும் ஆமாம் என்று தலையை ஆட்டினார். அறிவியல் வாத்தியார் நான். புவியீர்ப்பையும் மின்சாரத்தையும் பையன்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறவன். அந்தக் காலை வேளையில், அந்த ஊர்ச் சனத்துக்கு நடுவில், அவர்களுடைய முறைக்குப் பணிந்து போவது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. 'பேசிய விலை முழுவதும் ரொக்கமாகப் பெற்றுக்கொண்டேன்' என்று எழுதினேன். தோட்டக்காரர் கைநாட்டு வைத்தார். மாமா மடியிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து அவரிடம் கொடுத்தார். அவர் அதைப் பிரிக்காமலே உள்ளே கொண்டுபோனார். பிரிந்துபோகும்போது மாமாவிடம் தரகுப் பணமாகக் கொஞ்சம் நீட்டினேன். "மருமகன்கிட்டத் தரகு வாங்குற ஆளால நான்?" என்று என் கையை மடக்கிச் சட்டைப் பைக்குள் திணித்துவிட்டுப் பஸ் ஏறினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

தவளையைச் சரிசெய்ய எட்டு மாதம் பிடித்தது. அதற்குப் பிறகு ஒன்பது வருடம் ஓட்டினேன். ஏரியைச் சுற்றியும் செண்பகனூர் வளைவுகளிலும் அந்த வண்டியில் நான் அனுபவித்த சுகத்தை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. வாத்தியாருக்கு எதற்கு இது என்று கேட்டவர்களிடமெல்லாம் ஒரே பதில் சொன்னேன்: "நியாயமான வெல குடுத்து வாங்குனது." அதைச் சொல்வதில் ஓட்டுவதைவிட அதிகச் சுகம் இருந்தது. வருடம் ஒருமுறை பூண்டு அறுவடைக்குக் கவுஞ்சி போவேன். ஊர்ப் பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக ஏற்றி மன்னவனூர் வரை ஒரு சுற்றுக் கூட்டிப்போவேன். தோட்டக்காரர் ஒரு பை பூண்டு கட்டிக் கொடுப்பார். அவர் அதிகம் பேசுவதில்லை. சுபாவமே அப்படி என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பெண் நர்ஸ் படிப்புக்குப் போகவில்லை. முதல் வருடம் கேட்டபோது, "தோதுப்படல சார்" என்றார் தோட்டக்காரர். இரண்டாம் வருடமும் அதையே சொன்னார். மூன்றாம் வருடம் அவளுக்குக் கல்யாணம் நிச்சயம் ஆகிவிட்டது என்று கேள்விப்பட்டேன். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆறாயிரத்து ஐநூறு ரூபாயை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு பெண்ணைப் படிக்க வைக்க மனசு வரவில்லையே இந்த மனிதருக்கு! பஸ் நிற்கும் இடத்தில் மூட்டைகளோடு நாற்பது பேர் நின்றிருந்தார்கள். அவர்களுக்கு முன்னாலேயே கேட்டுவிட்டேன். "காச மண்ணுல பொதச்சு வச்சுக்கிட்டு, பெத்த பிள்ளைய மண்ணக் கொத்த விடுறீங்களே, இது ஒங்களுக்கே நல்லாருக்கா?" அவர் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு கீழே பார்த்தபடி நின்றார். நான் ஒரு நல்ல காரியம் செய்த நினைப்போடு வண்டியைக் கிளப்பினேன். பிறகு ஒரு வருடம் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

எண்பதுகளின் நடுவில் ஒரு அறுவடைக்குப் போனபோது அவள் தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று. வெயிலிலும் பனியிலும் கிடந்து முகம் கறுத்திருந்தது. வரக்காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். நான் சும்மா இருந்திருக்கலாம். "இந்நேரம் ஹெட் நர்சா ஆகியிருப்ப. ஒங்கப்பா கெடுத்துட்டாரு" என்றேன். வேடிக்கையாகத்தான் சொன்னேன். அவள் டம்ளரை வைத்த கை அப்படியே நின்றது.

"நீங்க எவ்வளவு சார் குடுத்தீங்க?" என்று கேட்டாள்.

தோட்டக்காரர் வாசலிலிருந்து, "ஏ கழுத, வாயப் பொத்து. அதெல்லாம் பேசக் கூடாது" என்று எழுந்து வந்தார்.

"நான் ஒண்ணும் துண்டுக்குள்ள கை விடலப்பா. நான் கேப்பேன். மூவாயிரத்து ஐநூறக் குடுத்துட்டு, வருசா வருசம் வந்து ஏன் படிக்கலேன்னு கேக்குறீங்களே சார், எதுல படிக்கிறது?"

எனக்கு முதலில் அவள் சொன்னது விளங்கவில்லை. மூவாயிரத்து ஐநூறா என்று திரும்பக் கேட்டேன். தோட்டக்காரர் என்னைப் பார்க்காமல், தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "தரகரு சொன்னாரு சார். சாருக்குக் கை அம்புட்டுத்தான் எட்டுது, வாயத் தொறந்து சொல்லக் கூச்சப்படுறாரு, பிள்ளைக்கு ஃபாரமெல்லாம் வாங்கியாந்து எழுதிக் குடுத்த மனுசன், அவர்கிட்டப் போயி வெலய இழுக்காதன்னாரு. எனக்கும் அது சரின்னுதான் பட்டுச்சு." அன்று துண்டுக்குள் கை இருக்கும்போதே அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்த பார்வை இப்போது எனக்குப் புரிந்தது. நான் ஆறரை கொடுத்தேன் என்று சொன்னேன். சொல்லும்போது என் குரல் எனக்கே பொய் சொல்கிறவன் குரலாகக் கேட்டது. அவர்கள் நம்பினார்களா என்று தெரியவில்லை. அந்தப் பெண் குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அந்தப் படிவத்தைப் பற்றி மாமாவிடம் சொன்னது நான்தான். அதையே கருவியாக எடுத்து விலையை இறக்கியிருக்கிறார். பணத்தைத் திருடியிருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது.

அன்றே மலையிறங்கிப் பழனிக்குப் போனேன். மாமா வீட்டு முன்னால் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். காரைப் பார்த்ததும் சந்தோஷமாக, "ஏலே மாப்ள, வெள்ளனே சொல்லியிருந்தா கோழி அடிச்சிருப்பேனே" என்றார். நான் நின்றபடியே கேட்டேன். மறுப்பார், சத்தியம் செய்வார் என்று எதிர்பார்த்தேன். வரும்போதே அதற்கெல்லாம் பதில் வைத்திருந்தேன். அவர் மறுக்கவே இல்லை.

"ஆமா, மூணு எடுத்தேன். அதுக்கென்ன இப்ப?"

"அதுக்கென்னவா? அந்தப் பிள்ளைக்குப் படிப்பு போச்சு மாமா."

"சந்தையில ஒரு மாட்டுக்கு ரெண்டு வெல இருக்கும்ல. வாங்குறவனுக்கு ஒண்ணு, விக்கிறவனுக்கு ஒண்ணு. நடுவுல நிக்கிறவன் பொழப்பு அது. ஒனக்கென்ன நட்டம்? ஆறரைக்கு மேல ஒரு பைசா குடுத்தியா? வண்டி ஆறரை பெறுமா பெறாதா? அவனும் தலையாட்டித்தான குடுத்தான்?"

"என்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

அவர் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். "நீ எங்கல கேட்ட? ஒம்போது வருசத்துல ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, அந்தாளுக்கு என்ன போய்ச் சேந்துச்சுன்னு கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன்."

 தரகே வேண்டாம் என்று என் கையை மடக்கியவர் இவர்தான். மாட்டை விற்று என்னைப் படிக்க வைத்தவரும் இவர்தான். இரண்டும் ஒரே ஆளா என்று அந்தச் சுண்ணாம்புக் கறை படிந்த விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் சொன்னதும் உண்மைதான். நான் கேட்கவில்லை. தோட்டக்காரரிடமும் கேட்கவில்லை. வாயைத் திறந்தால் வண்டி தங்காது என்பதையா நான் நம்பினேன்? நல்லவனாக இருக்கிற சுகத்தில் கேட்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பினேன்.

காரை அடுத்த மாதமே கோயம்புத்தூர்க்காரர் ஒருவருக்கு, டீக்கடையில் நாலு பேர் காதில் விழ விலை பேசி விற்றேன். மூவாயிரத்தை எடுத்துக்கொண்டு கவுஞ்சிக்குப் பஸ்ஸில் போனேன். தோட்டக்காரர் வாங்க மறுத்தார். அவர் மகள் முன்னால் வந்து வாங்கிக்கொண்டாள். நன்றி என்று ஒன்றும் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. "இத வச்சு இனிமே நான் நர்சாக முடியாது சார். இருந்தாலும் இது எங்க காசு" என்றாள். பிறகு, "அன்னைக்குப் பஸ் நிக்கிற எடத்துல அத்தன பேருக்கு முன்னால எங்கப்பாவப் பேசுனீங்கள்ல. ஊருல இன்னும் அவர அப்படித்தான் நெனைக்கிறாங்க. காசப் பொதச்சு வச்ச ஆளுன்னு. அத யாரு சார் திருப்பிக் குடுப்பா?" என்றாள்.

திரும்பும் பஸ் வருவதற்கு முன் அதே இடத்துக்குப் போனேன். சந்தைக்குப் போகும் கூட்டம் நின்றிருந்தது. நான் கொடுத்தது எவ்வளவு, தோட்டக்காரர் கைக்குப் போனது எவ்வளவு, நடுவில் நின்றவர் யார், அவர் எனக்கு என்ன முறை என்று எல்லாவற்றையும் உரக்கச் சொன்னேன். மாணவர்களுக்குப் பாடம் சொல்கிற குரல் அன்று உதவியது. தோட்டக்காரர் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "போதும் சார். வயசான மனுசன், அவரு பொழப்பு போயிரும் சார்" என்றார். ஏமாந்தவர் அவர். அவர்தான் அப்படிச் சொன்னார்.

பொழப்பு போனது. மலைக்காரர்கள் யாரும் அதற்குப் பிறகு மாமாவின் துண்டுக்குள் கை விடவில்லை. கீழே சந்தையிலும் செய்தி பரவிவிட்டது. ஒரு வருடத்துக்குள் அவர் சந்தைக்குப் போவதையே நிறுத்திவிட்டார். "வீட்டுக்குள்ள வச்சுக் கேட்டிருக்கலாம்லடா. ஊருக்கு முன்னாலயா?" என்று அம்மா அழுதாள். 

அந்தச் சமயத்தில்தான் என் தங்கையின் கல்யாணம் பழனியில் நடந்தது. தாய்மாமன் சீர் இல்லாமல் எங்கள் வீட்டுப் பெண் மணவறை ஏறுவதில்லை. முந்தின நாள் அம்மா என்னைத் தனியே அழைத்தாள். "அண்ணன் வந்து வாசல்ல நிப்பாரு. அப்பா எடத்துல நீதான் நிக்கிற. 'வாங்க மாமா'ன்னு ஒரு வார்த்தை சொல்லிரு. அதுக்கு மேல நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்." நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

மாமா வந்தார். சலவை வேட்டி, தோளில் துண்டு இல்லை. கையில் பெரிய தாம்பாளம், அதில் தங்கைக்குப் பட்டுச் சேலை, வளையல், பழம், வெற்றிலை. எங்கிருந்து வாங்கினார், எதை விற்று வாங்கினார் என்று தெரியாது. மண்டபத்து வாசலில் வந்து நின்று என்னைப் பார்த்தார். சந்தனக் கிண்ணத்தோடு நான் நின்றிருந்தேன். கூப்பிடாமல் உள்ளே நுழைகிற வழக்கம் எங்களில் இல்லை.  நான் பேசவில்லை. பின்னால் வந்தவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள். அவர்களுக்கெல்லாம் வாங்க, வாங்க என்றேன். கடைசியில் அம்மா ஓடிவந்து அவர் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள். சீர் வைத்தார், தங்கைக்கு மாலை போட்டார், செய்ய வேண்டியதையெல்லாம் குறைவில்லாமல் செய்தார். பந்தி தொடங்கியபோது அவரைக் காணவில்லை. சாப்பிடாமல் போய்விட்டார்.

அதற்குப் பிறகு ஆறு வருடம் உயிரோடு இருந்தார். நான் போய்ப் பார்க்கவில்லை. எனக்கு இப்போது அவர் வயது ஆகிவிட்டது. அவர் எனக்குச் செய்தது துரோகம்தான். அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் அவரை நினைத்தால் மூவாயிரம் ரூபாய் நினைவுக்கு வருவதில்லை. பெற்ற தாயின் அண்ணனை, மாட்டை விற்றுப் படிக்க வைத்தவரை, கல்யாண வீட்டு வாசலில் தாம்பாளத்தோடு நிற்க வைத்துப் பட்டினியாக அனுப்பினவன் ஒருவன் நினைவுக்கு வருகிறான். என்னை அப்படி ஒருவனாக ஆக்கிவிட்டாரே என்றுதான் அவர்மேல் இன்னும் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.